விற்றது ஆசனமா, பிரயாணமா?

வியாபாரத்தில் ஈடுபட்டிருக்கும் நமக்கு நன்கு பழக்கமான கேள்வி ஒன்று உண்டு. வாங்க வந்தவரிடம் பணத்தைப் பெற்றுக்கொண்டு நாம் விற்றது எது என்பதே அக்கேள்வி. அரிசி மூட்டையை விற்றவர் அதைக் கடை வாசலில் இறக்கி வைத்ததோடு அவர் கடமை தீர்ந்ததா? வாங்கியவர் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கும் சேர்த்தே விலை பேசினாரா? பேச்சு தெளிவாயிருந்தால் தகராறு இல்லை. தெளிவில்லாதபோது பஞ்சாயத்துத்தான். இதே கேள்வியை ஆகாய விமானக் கம்பெனிகளிடமும் நாம் கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. நடக்க இயலாதவர், பார்வையற்றவர், நெஞ்சு நோயுள்ளவர், நாள்தோறும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர் ஆகியோரும் மற்றவர்களைப் போலவே பணம் கொடுத்துத்தான் டிக்கெட் வாங்குகிறார்கள். அவர்களுக்கு விற்கப்பட்டது விமானத்தினுள் இருக்கும் ஓர் ஆசனமா? அல்லது ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் போய்ச் சேரும் பிரயாணமா?

நம் முன்னோர் சபர் வந்த காலத்தில் இக்கேள்வி இவ்வளவு கூர்மையாக எழவில்லை. 'ரஜூலா' கப்பலிலும், பின்னர் 'சிதம்பரம்' கப்பலிலும் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வந்தவர்கள் ஏறக்குறைய ஒரு வாரம் கடலிலே கிடந்தார்கள். உடம்புக்கு முடியாதவர் பாயை விரித்துப் படுத்துக்கொள்ளலாம். பக்கத்துப் பாய்க்காரர் கஞ்சி வாங்கி வந்து கொடுப்பார். அதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. கரைக்கு அப்பால் நிற்கும் கப்பலுக்குப் படகில் போய் ஏற வேண்டிய துறைமுகத்தில், கால் வழங்காதவர் பாடு எப்படியிருந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தாலே போதும். 1985 பிப்ரவரி 12ந் தேதி 'சிதம்பரம்' கப்பல் தீப்பிடித்ததோடு அந்தக் கடல் மார்க்கமும் முடிவுற்றது. அதன் பிறகு ஊரிலுள்ள தாய் தகப்பனைப் பார்க்க வேண்டுமானாலும், வைத்தியத்துக்குப் போக வேண்டுமானாலும், மையித்துக்குப் போய் நிற்க வேண்டுமானாலும் விமானத்தை விட்டால் வேறு வழியில்லை. ஊரிலே ஒரே கடை என்றால் அந்தக் கடைக்காரருக்குப் பொறுப்பும் அதிகம் என்பதை நாம் ஒப்புக்கொள்வோமல்லவா?

இங்கிலாந்தில் ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தில் 2002ஆம் ஆண்டு நடந்த ஒரு காரியத்தைப் பார்ப்போம். பிறவியிலேயே மூளை முடக்குவாதமும், பின்னர் மூட்டு நோயும் உள்ள ஒருவர் ரயன்ஏர் என்னும் மலிவுக் கட்டண விமானத்தில் டிக்கெட் வாங்கியிருந்தார். பதிவு மேசையிலிருந்து விமானம் நிற்கும் இடம் வரை செல்ல அவர் சக்கர நாற்காலி கேட்டார். அதற்கு 18 பவுண்டு வாங்கினார்கள். அவர் வழக்குத் தொடர்ந்தார். 2004 ஜனவரியில் கோர்ட்டு அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு டிசம்பரில் மேல் கோர்ட்டு, பொறுப்பு கம்பெனிக்கு மட்டுமல்ல, விமான நிலையத்துக்கும் உண்டு என்று கூறியது. இதற்கிடையில் அந்தக் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? ஒவ்வொரு டிக்கெட்டின் மீதும் 50 பென்ஸ் கூட்டி வசூலித்தது. கோபத்தில் செய்த காரியம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் கோபத்தில் செய்தாலும் கணக்கு சரியான கணக்குத்தான். நடக்க இயலாத ஒருவரிடம் 18 பவுண்டு வாங்குவதா, எல்லாரிடமும் அரைப் பவுண்டு வாங்குவதா என்ற கேள்விக்கு அது தன்னையறியாமலே விடை சொல்லிவிட்டது. பிற்பாடு ஐரோப்பிய ஒன்றியம் 2006ல் இயற்றி 2008 ஜூலையிலிருந்து முழுமையாக நடப்புக்குக் கொண்டுவந்த சட்டமும் இதே வழியைத்தான் எடுத்துக்கொண்டது. விமான நிலையமே உதவி செய்ய வேண்டும். உதவி பெறுபவரிடம் கட்டணம் வாங்கலாகாது. அந்தச் செலவை எல்லாக் கம்பெனிகளும் தாங்கள் ஏற்றிச் செல்லும் மொத்தப் பிரயாணிகளின் எண்ணிக்கைக்குத் தக்கபடி பகிர்ந்துகொள்ள வேண்டும்.

இங்கே நம் வியாபாரிகளில் ஒருவர் எழுந்து, "அது எப்படி நியாயம்? சாப்பாடு வேண்டுமானால் தனிக் காசு. பெட்டி ஏற்றினால் தனிக் காசு. அப்படியிருக்க நாற்காலிக்கு மட்டும் ஏன் காசு வாங்கக்கூடாது? மலிவுக் கட்டணம் என்பதே வெறும் ஆசனத்தை மட்டும் விற்பதுதானே?" என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். இரக்கத்தைக் காட்டி இதற்கு விடை சொல்லிவிட முடியாது.

ஆனால் அவரை ஒன்று யோசிக்கச் சொல்லுவேன். நாம் சாதாரணமாக ஏறும் ஏர்பஸ் 320 ரக விமானத்தின் வாசல் தரையிலிருந்து ஏறக்குறைய 11 அடி உயரத்தில் இருக்கிறது. எவ்வளவு திடகாத்திரமானவரும் அந்த உயரத்துக்குத் தாவி ஏற முடியாது. ஆகவே படிக்கட்டு வைக்கிறார்கள், அல்லது கட்டிடத்திலிருந்து நேரே பாலம் நீட்டுகிறார்கள். அந்தப் படிக்கட்டுக்கு யாரும் நம்மிடம் தனிக் கட்டணம் கேட்பதில்லை. அன்றியும், விமானம் பறக்கும் 35,000 அடி உயரத்தில் வெளிக்காற்றைச் சுவாசித்தால், யாராயிருந்தாலும் ஒரு நிமிஷத்துக்குள் நினைவு தப்பிவிடும். அதனால்தான் இயந்திரம் காற்றை அழுத்தி உள்ளே நிரப்பிக்கொண்டே இருக்கிறது. அப்படியானால் அந்த விமானத்தில் இருக்கும் 180 பேரும் இயந்திரத்தின் தயவில் மூச்சுவிடும் நோயாளிகள்தாமே! நம் எல்லாருடைய கால்களுக்கும் நுரையீரல்களுக்கும் உள்ள குறைக்குக் கம்பெனி உதவி செய்துவிட்டு, அதை டிக்கெட் விலைக்குள் அடக்கிவிடுகிறது. பெரும்பாலோருக்கு வேண்டிய உதவிக்கு 'வசதி' என்று பெயர் வைக்கிறோம். சிலருக்கு மட்டும் வேண்டிய உதவிக்குத் 'தயவு' என்று பெயர் வைக்கிறோம். படியில் ஏற இயலாதவரைத் தூக்கி ஏற்றும் பாரவண்டியும் ஒரு படிக்கட்டே. சாப்பாடு வேண்டாமென்று நான் இருந்துவிடலாம். பெட்டியைக் குறைத்துக்கொள்ளலாம். வாசலை அடையாமல் பிரயாணம் செய்ய முடியுமா?

இதைவிட ஒரு படி மேலே சென்றது கனடா நாடு. துணைக்கு ஆளில்லாமல் பிரயாணம் செய்ய முடியாது என்று கம்பெனியே சொல்லும்போது, அந்தத் துணையாளுக்கும் முழுக் கட்டணம் கேட்பது சரியா என்ற கேள்வி அங்கே எழுந்தது. 2008 ஜனவரியில் அந்நாட்டுப் போக்குவரத்து அதிகார அமைப்பு, உள்நாட்டுப் பிரயாணத்தில் ஓர் ஆளுக்கு ஒரே கட்டணம் என்று தீர்ப்புக் கூறியது. ஒருவரை இரண்டு ஆசனங்களுக்குப் பணம் கட்டச் சொல்லலாகாது என்பது இதன் பொருள். கம்பெனிகள் தாங்காது என்றன. அதிகார அமைப்பு பேரேட்டைப் புரட்டிக் கணக்குப் போட்டது. ஏர் கனடாவுக்கு டிக்கெட் ஒன்றுக்கு ஏறத்தாழ 77 காசும், வெஸ்ட்ஜெட் கம்பெனிக்கு 44 காசும்தான் கூடுதல் செலவாகும் என்று கண்டது. 'தாங்காது' என்று வாயால் சொல்வதற்கும், தாளில் எழுதிக் கூட்டிப் பார்ப்பதற்கும் இடையே எவ்வளவு தூரம்! நம் கடைகளிலும் இது உண்டு.

செலவைப் பற்றிய கேள்வி இவ்வாறிருக்க, ஏற்றிக்கொள்ள மறுப்பது வேறு வகை. 2012 பிப்ரவரி 19ந் தேதி கல்கத்தாவிலிருந்து கோவாவுக்குச் செல்ல ஸ்பைஸ்ஜெட் விமானத்தில் ஏறி அமர்ந்தார் ஜீஜா கோஷ் என்ற பெண்மணி. மூளை முடக்குவாதம் உள்ளவர். உடற்குறையுள்ளோரின் உரிமைகளுக்காக உழைப்பவர். ஒரு மாநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஆசனத்தில் அமர்ந்த பிறகு, அவர் தோற்றத்தைப் பார்த்துவிட்டு, கீழே இறங்கச் சொல்லிவிட்டார்கள். இந்திய உச்ச நீதிமன்றம் 2016 மே 12ந் தேதி அவருக்குப் பத்து லட்சம் ரூபாய் நஷ்டஈடு வழங்க உத்தரவிட்டது. விமானியின் கையில் எல்லாருடைய உயிரும் இருக்கிறது. ஆகவே மறுக்கும் அதிகாரம் அவருக்கு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நெஞ்சிலே கட்டி இருக்கிறதா, மூச்சு எவ்வளவு நிற்கிறது என்பதை வைத்து மறுப்பது வேறு. வாய் கோணியிருக்கிறது, கை நடுங்குகிறது என்பதைப் பார்த்து மறுப்பது வேறு. நம் மலேசியாவிலும் 2007ல் சக்கர நாற்காலியில் வாழ்வோர் சிப்பாங் மலிவு விமான முனையத்தின் முன் திரண்டு குரலெழுப்ப வேண்டியிருந்தது. 2008ல் உடற்குறையாளர் சட்டம் வந்தது. 2016 ஜூலை முதல் நடப்புக்கு வந்த விமானப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதித்தொகுப்பில் அவர்களுக்குரிய உதவிகளைப் பற்றித் தனியே சொல்லப்பட்டிருக்கிறது. கேட்டுப் பெற வேண்டியதாயிற்றே என்பதுதான் வருத்தம்.

இனி, அமானிதம் என்ற சொல்லை நினைவூட்ட வேண்டிய இடத்துக்கு வருகிறோம். நம்மிடம் ஒருவர் ஒரு பொருளை ஒப்படைத்துவிட்டுப் போனால், அதை நம் பொருளைவிடக் கவனமாகக் காக்கிறோம். சொந்தமாக மின்சாரச் சக்கர நாற்காலி வைத்திருப்பவர், விமான வாசலில் அதைக் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அது மற்றப் பெட்டிகளோடு அடியறைக்குப் போகிறது. அமெரிக்கக் கம்பெனிகள் 2023ஆம் ஆண்டில் மட்டும் 11,500க்கு மேற்பட்ட நாற்காலிகளையும் அதுபோன்ற வண்டிகளையும் உடைத்தோ தொலைத்தோ தாமதப்படுத்தியோ உள்ளதாக அந்நாட்டு அரசாங்கத்துக்கே கணக்குக் கொடுத்திருக்கின்றன. 2021 ஜூலையில் அங்கே ஒரு பெண்மணியின் 30,000 டாலர் பெறுமான நாற்காலி இவ்வாறு சேதமாயிற்று. அவர் உடலுக்குப் பொருந்தாத நாற்காலியில் விமான நிலையத்திலேயே ஐந்து மணி நேரம் உட்கார நேர்ந்தது. அதனால் புண் உண்டாகி, அது முற்றி, அக்டோபர் மாத இறுதியில் அவர் காலமானார்.

நம் கண்ணுக்கு அது நாற்காலி. அவருக்கு அது கால். ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு அது பெட்டி! வெளிநாட்டுப் பிரயாணங்களுக்குரிய 1999ஆம் ஆண்டு மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி, சேதமான சாமான்களுக்குக் கம்பெனி கொடுக்க வேண்டிய உச்ச வரம்பு 2024 டிசம்பர் இறுதி முதல் 1,519 எஸ்.டி.ஆர். ஆகும். அமெரிக்கக் கணக்கில் சுமார் 2,000 டாலர். மலேசியா, சிங்கப்பூர், இந்தியா மூன்றும் இவ்வொப்பந்தத்தில் சேர்ந்தவையே. சேலைப் பெட்டிக்கு அந்த வரம்பு போதும். முப்பதாயிரம் டாலர் நாற்காலிக்கு? அமெரிக்காவின் உள்நாட்டுப் பிரயாணத்தில் மட்டும், நாற்காலியை வாங்கிய முழு விலை வரையில் ஈடு கொடுக்க வேண்டுமென்று விதி இருக்கிறது. அதுதான் முறை என்பது என் கருத்து. நம்மவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. புறப்படும் முன்பே பொருளின் மதிப்பை எழுதிக் கொடுத்து, அதற்குரிய தொகையைக் கட்டினால் வரம்பை உயர்த்திக்கொள்ள அதே ஒப்பந்தத்தில் இடமிருக்கிறது. விலையுயர்ந்த சரக்கைத் தபாலில் அனுப்பும்போது நாம் மதிப்பு எழுதுவதில்லையா? அதே போலத்தான்.

இதுவரை விற்பவர் கடமையைப் பேசினோம். வாங்குபவருக்குக் கடமை இல்லையா? உண்டு. உள்ளதைச் சொல்வதே அது.

விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் தரையில் இருப்பதுபோல் இருப்பதில்லை. ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரமுள்ள மலைமேல் இருப்பது போன்ற நிலைமை. ஊட்டி ஏறக்குறைய 7,350 அடி. ஊட்டி மலையில் மூச்சுத் திணறக்கூடியவருக்கு, ஆசனத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தாலும் விமானத்தில் திணறத்தான் செய்யும். அந்த உயரத்தில் உடம்பினுள் அடைபட்ட காற்று ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விரியும். நுரையீரலைச் சுற்றிக் காற்றுத் தங்கியிருப்பவருக்கும், சமீபத்தில் வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவருக்கும் இது உயிருக்கு ஆபத்து. இதையெல்லாம் மறைத்து, "சொன்னால் ஏற்ற மாட்டார்கள், வாயை மூடிக்கொண்டு இரு" என்று முதியவரைக் கூட்டிச் செல்லும் பிள்ளைகள் நம்மிடையே இல்லாமலில்லை. பாசத்தால் செய்கிறார்கள் என்பது உண்மை. 2013ல் வெளிவந்த ஓர் அமெரிக்க மருத்துவ ஆராய்ச்சி, ஏறக்குறைய 600 விமானப் பயணங்களுக்கு ஒரு முறை நடுவானில் மருத்துவ அவசரம் நேர்கிறது என்றும், அவற்றில் நூற்றுக்கு ஏழு தடவை விமானத்தை வேறு ஊரில் இறக்க வேண்டியதாகிறது என்றும் கண்டது. நோயாளியின் உயிர் மட்டுமல்ல, உடன் வரும் இருநூறு பேருடைய காரியங்களும் அதில் அடங்கியிருக்கின்றன. சரக்கிலே உள்ள பழுதைச் சொல்லாமல் விற்கக்கூடாது என்பது நாம் அறிந்த நியதி. மனித உடல் பழுதான சரக்கு அல்ல. அந்த ஒப்புமையை அவ்வளவு தூரம் இழுக்கக்கூடாது. ஆயினும் ஒப்பந்தத்தில் இரு பக்கமும் உண்மை பேச வேண்டும் என்ற அளவில் அது பொருந்தும்.

மறைப்பது ஒரு வகை என்றால், இல்லாததைச் சொல்வது இன்னொரு வகை. நன்றாக நடக்கக்கூடியவர், வரிசையில் நிற்கச் சோம்பல்பட்டுச் சக்கர நாற்காலி கேட்கிறார். நாற்காலியில் ஏறி முன்னால் சென்று, இறங்கும் ஊரில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிடுகிறார். 2022ல் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் தலைவராயிருந்தவரே இப்படி நடப்பதை வெளிப்படையாகச் சொன்னார். நம் திருச்சி விமானத்திலும் இதைக் காணலாம். மொழி தெரியாத கிழவி, வழி தவறிவிடுவாளே என்று பிள்ளைகள் நாற்காலி கேட்பதை நான் இதனோடு சேர்க்கவில்லை. அவளுக்கு வேண்டியது நாற்காலி அல்ல, கைபிடித்துக் கூட்டிப்போக ஓர் ஆள். ஆனால் அந்த உதவியைத் தனியே கேட்க முடியும் என்பதே பலருக்குத் தெரியாததால் நாற்காலி கேட்கிறார்கள்.

2024 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து பம்பாய் வந்து இறங்கினார்கள் ஒரு முதிய தம்பதியர். இருவருக்கும் நாற்காலி கேட்டிருந்தார்கள். ஒன்றுதான் வந்தது. கேட்பவர் அதிகம், மற்றொன்று வரும் வரை காத்திருக்கச் சொன்னோம் என்றது ஏர் இந்தியா. மனைவியை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, 80 வயதுக் கணவர் பக்கத்தில் நடந்து வந்தார். குடிநுழைவுச் சோதனை நடக்கும் இடத்தருகே விழுந்தார், இறந்தார். அரசாங்கம் கம்பெனிக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அன்றைக்கு மற்ற நாற்காலிகளில் இருந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. போதிய நாற்காலியும் ஆளும் வைப்பது கம்பெனியின் பொறுப்பு. எனினும், இருப்பு அளவான பொருளை வேண்டாதவன் எடுத்துக்கொண்டால், வேண்டியவன் வெறுங்கையோடு நிற்பான் என்பதைக் கடை நடத்துகிற நமக்கு விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் கேட்பவர் எல்லாரிடமும் டாக்டர் சர்டிபிகேட் கேட்டுவிடலாமே என்றால், அதற்கு நான் உடன்பட மாட்டேன். இருதய நோயாளி ஐம்பது அடி நன்றாக நடப்பார். ஒரு மைல் நீளமுள்ள முனையத்தை நடந்து கடக்க முடியாது. பார்வைக்கு ஒன்றும் தெரியாத குறைகள் எத்தனையோ! இதற்காகவே கேட்விக் விமான நிலையத்தில் 2016ல் சூரியகாந்திப் பூப் போட்ட கழுத்துப்பட்டை ஒன்றைக் கொடுக்கத் தொடங்கினார்கள். அதை அணிந்தவரைப் பார்த்தால், வெளியில் தெரியாத குறை உள்ளவர் என்று ஊழியர் புரிந்துகொள்வர். கடன் வாங்கிய சிலர் ஏமாற்றினார்கள் என்பதற்காகக் கடன் புத்தகத்தையே மூடிவிட்டால் கடை நடக்குமா? ஏமாற்றியவனால் கெடுவது நம் பணம் மட்டுமல்ல, அடுத்து வரும் யோக்கியனுடைய நாணயமும்தான். பிராணவாயு தேவைப்படுவோருக்கும், புதிதாக அறுவைச் சிகிச்சை செய்துகொண்டோருக்கும் டாக்டர் படிவம் கேட்பது நியாயம். நடப்பதற்கு உதவி கேட்பவரிடம் சந்தேகத்தோடு விசாரணை நடத்துவது நியாயமன்று.

விமானக் கம்பெனிகளுக்கு இவ்வளவு சொன்ன பிறகு, நம் பக்கம் திரும்பாமல் இருக்க முடியாது. நம் கடைகளில் இருபது, முப்பது வருஷம் உழைத்த சிப்பந்திக்கு ஒரு நாள் பக்கவாதம் கண்டுவிடுகிறது. ஆஸ்பத்திரியில் தேறினாலும் உட்கார முடியவில்லை. ஊருக்குப் படுக்க வைத்துத்தான் அனுப்ப வேண்டும். விமானத்தில் படுக்கை அமைக்க ஆறு முதல் ஒன்பது ஆசனங்களின் இடம் தேவைப்படும். அத்தனைக்கும் பணம் கட்ட வேண்டும். கூடச் செல்பவருக்கும் டிக்கெட் வேண்டும். அப்போது முதலாளி, "நான் சம்பளம் கொடுத்தேன், வேலை வாங்கினேன், கணக்குத் தீர்ந்தது" என்கிறார். சபைக்கு வசூல் நோட்டு வருகிறது. நண்பர்கள் பத்து வெள்ளி, இருபது வெள்ளி என்று எழுதுகிறார்கள். முதலாளியும் அதே நோட்டில் நூறு வெள்ளி எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்.

18 பவுண்டு வாங்கிய கம்பெனிக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்? அந்தக் கம்பெனி ஆசனத்தை மட்டும் விற்றதாகச் சொன்னது. இவர் உழைப்பை மட்டும் வாங்கியதாகச் சொல்கிறார். ஊரிலிருந்து அழைத்து வந்தபோது ஒரு மனிதரை அழைத்து வந்தோமா, இரண்டு கைகளை மட்டும் அழைத்து வந்தோமா? அந்தத் தொகையைப் பேரேட்டில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கணக்கப்பிள்ளை கேட்டால், தர்மக் கணக்கில் எழுதச் சொல்வதற்கு முன் சற்று யோசிக்கும்படி நம் முதலாளிமார்களைக் கேட்டுக்கொள்கிறேன். சம்பளக் கணக்கில் அதற்கு இடமில்லையா?

இத்தகைய பிரயாணத்துக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்வது அவசியம். சக்கர நாற்காலிக்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்னதாகச் சொல்லி வைப்பது நல்லது. அப்போது படியேற முடியுமா, உள்ளே சில அடி நடக்க முடியுமா, ஆசனம் வரை தூக்கிச் செல்ல வேண்டுமா என்ற மூன்றில் எது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மூன்றுக்கும் ஏற்பாடு வேறு வேறு. இன்சுலினைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். அடியறையில் உறைந்து கெட்டுவிடக்கூடும். சொந்தப் பிராணவாயு உருளையைக் கொண்டுபோகப் பெரும்பாலான கம்பெனிகள் விடமாட்டா. காற்றிலிருந்து பிராணவாயுவைப் பிரித்துக் கொடுக்கும் சிறு இயந்திரம் வைத்திருப்பவர், பிரயாண நேரத்தைப் போல் ஒன்றரை மடங்கு நேரத்துக்குத் தாங்கும் பேட்டரிகளைக் கையோடு வைத்துக்கொள்ள வேண்டும். படுக்கைப் பிரயாணத்துக்கு டாக்டர் பூர்த்தி செய்த படிவத்தைக் கம்பெனியின் மருத்துவப் பகுதி பார்த்துச் சம்மதம் தர வேண்டியிருப்பதால், அதற்குப் பல நாட்கள் பிடிக்கும். மலிவுக் கட்டணக் கம்பெனிகள் பெரும்பாலும் படுக்கைப் பிரயாணிகளை ஏற்பதில்லை. ஆகவே ஆஸ்பத்திரியில் தேதி குறிப்பதற்கு முன்பே அதை விசாரித்துக்கொள்ளுங்கள்.